அச்சு யார் கையில்?

முறுக்கு உழக்கு இல்லாத வீடு தமிழ்நாட்டில் அரிது. அரிசி நம் வயலில் விளைந்தது. எண்ணெய் நம் ஊர்ச் செக்கில் ஆடியது. பிழியும் கையோ நம் வீட்டுத் தாயின் கை. ஆனால், கொதிக்கும் எண்ணெயிலே விழுவது முள்ளு முறுக்கா, தேன்குழலா, ஓமப்பொடியா என்பதை முடிவு செய்வது மாவும் அன்று, எண்ணெயும் அன்று, கையின் வலிவும் அன்று. உழக்கின் அடியிலே கிடக்கும் சிறு வட்டத் தகடும், அதிலே வெட்டப்பட்ட துளையுமே முடிவு செய்கின்றன. அச்சு மாறினால் பண்டம் மாறுகிறது. பண்டம் மாறினால் விலையும் மாறுகிறது.

அடுக்களையில் நாம் நாள்தோறும் காணும் இந்த உண்மை ஆலைகளுக்கும் பொருந்தும். ஆலைகளோடு நில்லாமல் அரசுகளுக்கும் பொருந்தும். மூலப்பொருள் எம்மிடம் உண்டு, உழைக்கும் கரங்கள் எம்மிடம் உண்டு என்று மார்தட்டுவோர் பலர். அச்சு யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் வாய் மூடிக்கொள்வர். அந்தக் கேள்வியை, வடக்கு எல்லையிலே இருக்கும் ஆர்.கே.பேட்டையை முன்னிறுத்தி இன்று எழுப்புகிறோம்.

தோழர்களே! உங்கள் வீட்டுச் சன்னலைப் பாருங்கள். கண்ணாடியைத் தாங்கி நிற்கும் அலுமினியச் சட்டம், அச்சில் பிழிந்தது. கிணற்றிலிருந்து கழனிக்கு நீர் கொண்டு செல்லும் பிளாஸ்டிக் குழாய், அச்சில் பிழிந்தது. நீங்கள் ஏறும் பேருந்தின் சன்னல் கண்ணாடியைச் சுற்றி மழைநீர் புகாமல் தடுக்கும் ரப்பர்ப் பட்டை, அச்சில் பிழிந்தது. மின்கம்பியின் மேலுறையும், சூரிய ஒளித் தகட்டைச் சுற்றியுள்ள சட்டமும், லாரிச் சக்கரத்தில் தரையைத் தொடும் தடித்த ரப்பர்த் தோலும் அப்படியே பிறந்தவை. பட்டறையிலே இதனை எக்ஸ்ட்ரூஷன் என்பார்கள். நாம் பிழிவுத் தொழில் என்போம். நம் அன்னையர் அறிந்த சொல் அது. அகராதி தேட வேண்டியதில்லை.

"குழாயும் சட்டமும் வணிகர் விவகாரம், அரசியல் ஏட்டில் இதற்கென்ன வேலை?" என்று கேட்பார் உண்டு. உப்பு ஒரு நாள் அரசியலாயிற்று. கைராட்டை ஒரு நாள் அரசியலாயிற்று. மக்கள் எதைச் செய்கிறார்கள், எதைச் செய்ய விடாமல் தடுக்கப்படுகிறார்கள் என்பதே அரசியலின் அடிப்படை. ஆகவே பிழிவுத் தொழிலும் அரசியலே.

இத்தொழிலின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1797-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர், ஈயத்தை அச்சின் வழியே உந்திக் குழாயாக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். 1820-இல் தாமஸ் பர் அதனை நீர்விசையால் இயங்கச் செய்தார். 1894-இல் அலெக்சாண்டர் டிக், பித்தளை போன்ற கடினமான உலோகங்களையும் சூடேற்றிப் பிழியலாம் என்று காட்டினார். இடையிலே, 1845-இல், பெவ்லி என்பார் கட்டபர்ச்சா என்னும் மரப்பாலைப் பிழியும் பொறியைச் செய்தார். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடியில் இணைத்த தந்திக் கம்பிக்குக் காப்புறை அந்தக் கட்டபர்ச்சாதான்.

கட்டபர்ச்சா எங்கிருந்து வந்தது? இலண்டனில் விளைந்ததா? இல்லை. மலாய்க் காடுகளிலே மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டு, அங்கிருந்து கப்பலேறிற்று. பின்னர் ரப்பர் வந்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவில் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து, மரத்தின் பட்டையைச் சீவிப் பால் வடித்தவர் யார்? கங்காணிகளால் திரட்டப்பட்டுக் கப்பலேறிய தமிழர். பால் தமிழன் கையால் வடிந்தது. அச்சு மட்டும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தது. டயராகவும் குழாயாகவும் பட்டையாகவும் உருவெடுத்து அது திரும்பியபோது, விலையை எழுதியவன் அச்சுக்காரன். பால் வடித்தவனோ தகரக் கொட்டகை லயத்திலே தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளினான். மூலப்பொருளும் உழைப்பும் மட்டும் உடையவன் நிலை இதுதான் என்பதற்கு, நம் இனத்தின் கண்ணீரைவிடப் பெரிய சான்று வேறு வேண்டுமோ?

இனி ஆர்.கே.பேட்டைக்கு வருவோம்.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போயிற்று. திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆர்.கே.பேட்டையும் அதனோடு போயின. தணிகை மலையைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் தொண்டர்களும் நடத்திய கிளர்ச்சி நாடறிந்தது. ஊர்வலம் போனார்கள், தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள். படாஸ்கர் நடுவராக நின்று பேசியபின், 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. முதலில் செங்கற்பட்டு மாவட்டம்; 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம்.

ஈடாக ஒன்று கொடுத்தோம். பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன. அவைதாம் சத்தியவேடு வட்டாரம். அன்று அது வானம் பார்த்த பூமி. கொடுத்தவரும் அதற்காகப் பெரிதும் கலங்கவில்லை, பெற்றவரும் அதற்காகப் பெரிதும் களிக்கவில்லை.

இன்று நிலைமை என்ன? நாம் கொடுத்த அந்தச் சத்தியவேட்டிலே, 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்து நிற்கிறது. கார் ஆலை, குளிர்சாதன ஆலை, மிட்டாய் ஆலை என்று உலகக் கம்பெனிகள் அங்கே வரிசை பிடிக்கின்றன. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலே, தமிழகத்தின் எல்லையைத் தொட்டபடி, குப்பம் இருக்கிறது. 1989 முதல் சந்திரபாபு நாயுடு வென்றுவரும் தொகுதி. அங்கே ஓர் அலுமினியப் பிழிவு ஆலை உண்டு. நார்வே நாட்டு ஹைட்ரோ கம்பெனியிடமிருந்து அதனை 247 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக 2021 டிசம்பரில் ஹிண்டால்கோ அறிவித்தது.

பொறாமையால் இதைக் கூறவில்லை. தெலுங்கு பேசும் உழைப்பாளியும் நம் உடன்பிறந்தவனே. அவன் வீட்டில் விளக்கெரிந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால், சித்தூர் மாவட்டத்தை விட்டு நாம் வந்தோம். சத்தியவேட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். வந்தபின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், மீட்ட மண்ணிலே என்ன நட்டோம் என்று கேட்பது குற்றமாகுமா? மண்ணை மீட்பது முதற் பாதி. மீட்ட மண்ணில் வாழ்வை நடுவது மறுபாதி. முதற் பாதிக்குச் சிலை வைத்தோம், விழா எடுத்தோம். மறுபாதியை மறந்தோம்.

ஊர்ப் பெயரிலேயே பேட்டை இருக்கிறது. ஆனால், தொழிற்பேட்டைகள் எங்கே எழுந்தன? 1958-இல் கிண்டியில், 1964-இல் அம்பத்தூரில், பிறகு காக்களூரில், திருமழிசையில், கும்மிடிப்பூண்டியில், தேர்வாய் கண்டிகையில். பிளாஸ்டிக் தொழிலுக்கெனவே டிட்கோ வகுத்த பாலிமர் பூங்காவும் பொன்னேரி வட்டத்தின் வயலூர், புழுதிவாக்கம் ஊர்களில். இவையெல்லாம் நன்மைக்கே. ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். எல்லாம் கிழக்கே, சென்னையின் மடியிலே. மேற்கே, மலையடிவாரத்திலே, தறிச் சத்தம் மட்டுந்தான். இந்த வட்டாரத்தின் வழியே செல்ல வேண்டிய திண்டிவனம் – நகரி இருப்புப் பாதை 2006-07-ஆம் ஆண்டிலே இரயில்வே திட்டத்தில் இடம் பெற்றது. அந்த இரயிலின் கூவலுக்காகக் காத்திருந்தே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

தறியை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய ஊர்கள் நெசவால் வாழ்ந்த ஊர்கள். கைத்தறி விசைத்தறியாயிற்று. விசைத்தறிக்கு இரண்டு திங்களுக்கு 750 யூனிட் வரை இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் மின்சாரம் இலவசமாகலாம், நூல் இலவசமாகுமா? நூல் விலை ஏறினால் நெசவாளி தாழ்கிறான். அதனை ஏற்றுவோனும் இறக்குவோனும் அவனல்லன்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டர் நூல் எப்படிப் பிறக்கிறது? செடியில் காய்ப்பதில்லை. பாலியெஸ்டர் குழம்பை உருக்கி, மயிரிழையினும் மெல்லிய துளைகள் நிறைந்த ஒரு தகட்டின் வழியே உந்துகிறார்கள். இழையிழையாக இறங்கிக் காற்றிலே இறுகுகிறது. அதுவும் பிழிவுதான்! நைலானும் அப்படியே. ஓமப்பொடி அச்சின் ஒன்றுவிட்ட தங்கை அந்தத் தகடு. ஆகவே, பிழிவுத் தொழில் நெசவாளிக்கு அந்நியமான தொழிலன்று. செயற்கை இழை அவன் தறியேறிய நாள் முதல், எங்கோ இருக்கும் ஓர் அச்சுக்கு அவன் கட்டுப்பட்டே கிடக்கிறான். அந்த அச்சு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"சரி, தொழில் வேண்டும். அதற்காகப் பிழிவுத் தொழிலையே ஏன் கேட்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். காரணம் சொல்கிறேன்.

முதலாவது, சந்தை அருகிலே இருக்கிறது. சென்னையைச் சுற்றிக் கார் ஆலைகள்; பெரம்பூரில் 1955 முதல் இரயில் பெட்டி ஆலை; நாள்தோறும் உயரும் அடுக்கு மாடிகள். இவற்றுக்கெல்லாம் சட்டமும் குழாயும் பட்டையும் வேண்டும். நீண்ட சட்டத்தையும் குழாயையும் நெடுந்தொலைவு ஏற்றிச் செல்வது வீண் செலவு. குழாய் என்றால் பாதி வண்டியில் காற்றைத்தான் ஏற்றிச் செல்கிறோம்! வாங்குவோன் பக்கத்திலே பிழிவதுதான் முறை.

இரண்டாவது, இதற்கு மலைபோன்ற உலை தேவையில்லை. பாக்சைட் மண்ணிலிருந்து ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது பெருமுதலாளிகளின் வேலை. பிழிவுப் பட்டறையோ ஆயத்தமான அலுமினியத் தண்டை வாங்கி, ஏறத்தாழ 450 டிகிரி வரை சூடேற்றுகிறது. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். ஆகவே உருகாது, இளகும். இளகிய தண்டைப் பல நூறு டன் விசையால் அச்சின் வழியே உந்தினால் சட்டம் நீள்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கித் தண்டாக்கவோ, புதிதாக எடுக்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். பிளாஸ்டிக்குக்கு இன்னும் எளிய அமைப்பு. சூடான உருளைக்குள்ளே சுழலும் திருகு, மேலே கொட்டப்படும் குருணையை உருக்கி முன்னே தள்ளுகிறது. அச்சிலிருந்து வெளிவரும் குழாய், தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்து இறுகுகிறது. ரப்பரும் இவ்வாறே பிழியப்பட்டு, பின்னர் கந்தகச் சேர்க்கையால் சூட்டிலே முறுக்கேறுகிறது.

மூன்றாவது, இதுவே தலையாயது. இத்தொழிலின் உயிர் கைத்திறன்.

அச்சு செய்வது, துளை வெட்டுவது என்று எண்ணாதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் அச்சைவிட்டு வெளியே வந்ததும் உப்பும். சதுரத் துளையில் பிழிந்தால் சதுரம் வராது. பக்கங்கள் புடைத்துக்கொண்டு வரும். சதுரம் வேண்டுமானால் துளையைச் சதுரமல்லாத வேறு வடிவில் வெட்ட வேண்டும். எவ்வளவு உப்பும் என்பது சரக்கைப் பொறுத்தது, சூட்டைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது. முடிந்த பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அச்சை நகலெடுக்க முயல்வோன் ஏமாறுவான். அலுமினியத்தில் வேறொரு சிக்கல். தடித்த பக்கத்தில் உலோகம் விரைந்து ஓடும், மெல்லிய பக்கத்தில் தயங்கும். இரண்டையும் ஒரே நடையில் நடக்கச் செய்யாவிட்டால் சட்டம் வளைந்து நெளிந்து வரும். அப்போது அச்சைக் கழற்றி, எங்கே அரம் வைத்துத் தேய்க்க வேண்டும், எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறவனைத்தான் அந்தப் பட்டறையே எதிர்பார்த்து நிற்கும். கணிப்பொறி வந்துவிட்டது, உண்மை. அந்தக் கணக்குக்குப் பிறகும் அவன் கண்ணும் கையும் வேண்டியிருக்கின்றன.

இப்போது நெசவாளியை நினைத்துப் பாருங்கள். பாவில் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி கோணும் என்பது அவனுக்குத் தெரியும். எந்த இழை தயங்குகிறது என்பதைத் தறியின் ஓசையிலேயே அறிவான். தயக்கத்தைச் சமன் செய்வதே அவன் பரம்பரைக் கலை. அந்தக் கண்ணுக்கும் அந்தக் கைக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் முறையான பயிற்சி கொடுத்தால், அச்சுக்கலை வராதா? வரும். அந்த நம்பிக்கையோடுதான் பேசுகிறோம்.

"சிறிய இடத்தில் தொடங்கிப் பெரிய கம்பெனிகளை எதிர்த்து நிற்க முடியுமா?" என்று தயங்குவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டு. 1946-இல் திருவொற்றியூரில், ஒரு கொட்டகையிலே, குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை. 1952-இல் தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் போடும் ரப்பர்ப் பட்டையில் இறங்கினார்; அன்று அந்தச் சந்தையில் அயல்நாட்டுக் கம்பெனிகளின் கை ஓங்கியிருந்தது. 1961-இல் முழு டயரே வெளிவந்தது. பின்னர் அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் ஆலை எழுந்தது. அதுதான் எம்.ஆர்.எப். பலூன் கொட்டகையையும் டயர் ஆலையையும் இணைத்த பாலம் எது? பிழிந்த ரப்பர்ப் பட்டை! அந்த ஆலை நம் வட்டாரத்தின் வாசலிலேதான் நிற்கிறது. டயர்த் தோல் அங்கே நாள்தோறும் பிழியப்படுகிறது. வாசலில் நிற்கும் பாடத்தை வீட்டுக்குள் இருப்போர் படிக்காதிருப்பது முறையா?

இன்னொரு பாடமும் உண்டு. அது கசப்பான பாடம். மேட்டூரிலே, 1960-களில், இத்தாலி நாட்டு மாண்டிகாட்டினி கம்பெனியின் துணையோடு மால்கோ அலுமினிய ஆலை எழுந்தது. சேர்வராயன் மலையில் பாக்சைட், காவிரியில் மின்சாரம், சேலத்துத் தொழிலாளர். என்ன குறை? ஆனால் மின்சாரக் கட்டணம் ஏற ஏற ஆலை தள்ளாடியது, கை மாறியது, 2008-இல் உலை அணைந்தது. மலையும் ஆறும் இருந்தும் உலை அணைந்ததே, ஏன்? கச்சா உலோகம் விற்பவன், மின்கட்டணத்துக்கும் உலகச் சந்தை விலைக்கும் நடுவே நசுங்குகிறான். அச்சுத் திறன் உடையவனோ ஒரே அலுமினியத்தை ஆயிரம் வடிவில் விற்கிறான். ஒன்று போனால் மற்றொன்று அவனைத் தாங்குகிறது. அதே மேட்டூரில் 1967-இல் கெம்பிளாஸ்ட், கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து எடுத்த ஆல்கஹாலைக் கொண்டு பி.வி.சி. செய்தது. கரும்பு பிளாஸ்டிக்காக மாறிய அதிசயம் அது! நம் திருவாலங்காட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. கரும்பு வெட்டும் உழவனுக்கும் குழாய் பிழியும் தொழிலாளிக்கும் இடையே இப்படியும் ஒரு தொடர்பு உண்டு என்பதைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்த்ததுண்டா?

"எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிடுங்கள், சந்தை பார்த்துக்கொள்ளும்" என்பது ஒரு சாராரின் மந்திரம். அந்த மந்திரத்தை உலகுக்கு ஓதிய அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? சீனாவிலிருந்து வரும் அலுமினியப் பிழிவுகள் மலிவாகக் குவிந்து உள்நாட்டுப் பட்டறைகள் திணறியபோது, 2011-இல் அவற்றின்மீது தண்டவரி விதித்தது. சந்தைக்கு எல்லையில்லை என்று உபதேசம்; தன் பட்டறைக்கு ஆபத்து என்றதும் எல்லைக்காவல்! ஆகவே அரசு தலையிடலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எந்த நாட்டிலும் அரசு தலையிட்டே வந்திருக்கிறது. யாருக்காகத் தலையிடுகிறது என்பதுதான் கேள்வி.

"பிளாஸ்டிக் மண்ணுக்குக் கேடல்லவா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களை 2019 சனவரி 1 முதல் தமிழகம் தடை செய்யவில்லையா?" என்பது நியாயமான கேள்வி. தடையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் பத்து நிமிடம் பயன்பட்டு நூறு ஆண்டு மண்ணில் கிடக்கும் பையும், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் நீர் சுமக்கும் குழாயும் ஒன்றல்ல. மேலும், பிழிவுப் பட்டறையின் கழிவு மீண்டும் குருணையாகி மீண்டும் அச்சுக்குள் நுழையக்கூடியது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றுக்கு இழைத்த கேட்டை நாம் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதால்தான், கழிவுக்குப் பொறுப்பேற்காத ஆலைக்கு ஒரு சாண் நிலமும் கூடாது என்கிறோம்.

ஆக, நாம் கேட்பது என்ன? மானியமா? பிச்சையா? இல்லை. மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் அரசு அச்சுக்கூடமும் பயிற்சிப் பள்ளியும். அயலிலே கருநாடகத்தைப் பாருங்கள். 1972-இல் டென்மார்க் நாட்டின் உதவியோடு பெங்களூரில் அரசுக் கருவிக்கூடப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார்கள். தலைநகரோடு நிறுத்தவில்லை, மாவட்டந்தோறும் கிளை பரப்பினார்கள். நமக்கும் 1968 முதல் கிண்டியிலே பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனமான சிப்பெட் உண்டு. திண்டுக்கல்லில் கருவிப் பொறியியல் பயிலகம் உண்டு. குறை என்ன? கிண்டிக்குப் போக வசதியுள்ளவன் படிக்கிறான். மலையடிவாரத்து நெசவாளி மகன் ஏக்கத்தோடு பார்க்கிறான். பள்ளி அவனைத் தேடி வரட்டும்.

இரண்டு: கூட்டுறவுப் பிழிவுப் பட்டறை. கூட்டுறவு நமக்குப் புதிதன்று. 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் நெசவாளியின் துணியை விற்கிறது. 1981 முதல் சேலத்தில் சேகோசர்வ் ஜவ்வரிசியை விற்கிறது. துணிக்கும் ஜவ்வரிசிக்கும் முடிந்தது, குழாய்க்கும் சட்டத்துக்கும் முடியாதா? அரசு வாரியங்கள் ஆண்டுதோறும் குழாய் வாங்குகின்றன. வீட்டு வசதித் திட்டங்களுக்குச் சன்னல் சட்டம் வேண்டும். அந்தக் கொள்முதலில் ஒரு பங்கை, தரம் சோதித்து, கூட்டுறவுப் பட்டறைக்கு ஒதுக்கினால் போதும். பட்டறை தன் காலில் நிற்கும்.

மூன்று: உழைப்பவனுக்கு நிலையான வேலை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆலை வந்துவிட்டால் மட்டும் விடிந்துவிடாது. ஒப்பந்தக் கூலியாக ஆளெடுத்து, வேலை பழகிய பின் வெளியே தள்ளி, புது ஆளை அமர்த்தும் முறை தொழில் வட்டாரங்களில் வேரூன்றிவிட்டது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததும், மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்ததும் நினைவிருக்கும். எட்டு மணி நேரம் என்பது எவரும் ஈந்த வரமன்று. போராடிப் பெற்ற உரிமை. சூடேறிய தண்டின் அருகே நிற்பவனுக்கு அது உரிமை மட்டுமல்ல, உயிர்க்காப்பு. அச்சுக்கலை கைவர ஆண்டுகள் பல ஆகும். ஆறு திங்களுக்கு ஒரு முறை ஆள் மாற்றும் ஆலையில் அச்சுக் கலைஞன் உருவாக மாட்டான். ஆகவே நிலையான வேலை என்பது தொழிலாளியின் நலம் மட்டுமன்று, தொழிலின் நலமும் அதுவே. அலுமினியத்தைப் பிழியுங்கள், ரப்பரைப் பிழியுங்கள். மனிதனைப் பிழியாதீர்கள் என்பதே நம் முழக்கம்.

தோழர்களே! எல்லையிலே பிறந்த இளைஞன் விடியுமுன் எழுந்து, பேருந்தும் இரயிலும் மாறி, எவனோ வெட்டிய அச்சில் எவனோ எழுதிய விலைக்குப் பண்டம் பிழிந்து கொடுத்துவிட்டு, இரவிலே களைத்து ஊர் திரும்புகிறான். மலாயாத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பாட்டனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு? அவன் கடல் கடந்தான், இவன் மாவட்டம் கடக்கிறான். அவன் கங்காணியின் கீழ், இவன் ஒப்பந்தக்காரனின் கீழ். இடையிலே நூறாண்டு ஓடியிருக்கிறது. இரண்டு கொடிகள் இறங்கி ஏறியிருக்கின்றன. உழைப்பவன் கையில் அச்சு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதனைக் கிளைக் கூட்டங்களில் பேசுங்கள். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் தறிக்கூடத்திலும் பேசுங்கள். ஊராட்சி தோறும் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும் தொழில் துறைக்கும் அனுப்புங்கள். தேர்தல் வேளையில் வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், நம் கட்சியினரேயாயினும், "அச்சுக்கூடம் எப்போது?" என்று கேளுங்கள். கேட்காத பிள்ளைக்குத் தாயும் பால் தரமாட்டாள்.

மண்ணை மீட்ட தலைமுறை தன் கடனைச் செய்துவிட்டுப் போயிற்று. அச்சை மீட்பது இந்தத் தலைமுறையின் கடன்.